துப்பாக்கிச் சட்டத்தில் நம் கட்சிகள் ஏன் மோதிக்கொள்வதில்லை?

சாப்பர் மகன், அல்சூர்

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே, உரிமம் பெற்ற துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. அப்பா ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) பணியாற்றி ஓய்வு பெற்றவர். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் பன்னிரண்டு போர் (bore) ரக இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்றவர். வங்கிக் காவலராக இருந்தவரை தேர்தல் காலத்தில் அவருக்கு விலக்கு இருந்தது. இப்போது பீரோவுக்கு மேல் சும்மா கிடக்கும் துப்பாக்கிக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே அதைப் பச்சை கான்வாஸ் உறையில் போட்டு, ஆட்டோவில் வைத்து, இருவருமாகக் கொண்டுபோனோம். காவலர் துப்பாக்கியை மடக்கிக் குழல்களுக்குள் வெளிச்சம் பார்த்தார், எண்ணைப் பதிவேட்டில் எழுதினார், விசைக்குக் கீழே உள்ள வளையத்தில் நூல் கோத்து ஓர் அட்டையைக் கட்டினார். அப்பா தோட்டாக்களை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். மொத்தம் பதினொன்று, இரண்டின் பித்தளையில் பச்சை பிடித்திருந்தது. "இவை இனி வெடிக்காது, பெரியவரே" என்றார் காவலர் கன்னடத்தில். "வெடிக்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை" என்றார் அப்பா, அவரும் கன்னடத்திலேயே.

அன்று மாலை அலுவலகத்தில் அமெரிக்கக் குழுவினருடன் பேசும்போது இதைச் சொன்னேன். தேர்தல் வந்தால் அரசாங்கம் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. அவர்கள் நாட்டில் ஒரு வேட்பாளர் துப்பாக்கி பற்றி என்ன சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாமாம். நான் வாக்களிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளாகின்றன. என் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கட்சிக்காரரும் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. நம் கட்சிகளுக்கு இதில் கருத்து வேறுபாடே இல்லையா, அல்லது வேறுபாடு வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வழக்குரைஞர், ஹெப்பால்

தொடக்கத்தில் வேறுபாடு இருந்தது. அது கட்சிகளுக்கிடையே இல்லாமல் ஒரே கட்சிக்குள் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்துவிட்டு இந்தியர்களை மட்டும் உரிமம் கேட்டு நிற்க வைத்தது. அதனால் துப்பாக்கி வைத்துக்கொள்வது என்பது விடுதலை இயக்கத்தினருக்கு மானப் பிரச்சினையாகவே இருந்தது. அகிம்சை பேசிய காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் எழுந்து, கராச்சியில் சொன்னதை அரசியலமைப்பிலும் எழுதிவிடலாமே என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். இதை அடிப்படை உரிமையாக்கினால் திருடரும் கொள்ளைக்காரரும்கூட அதே உரிமையைக் கோருவார்கள் என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. இன்றைய 19-ஆம் பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தரும்போதே "ஆயுதமின்றி" என்ற சொல்லையும் சேர்த்துத்தான் தருகிறது. ஆயுதம் என்ற பொருள் ஒன்றிய அரசின் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறது. ஆகவே அடிப்படைச் சட்டத்தை எழுதும் அதிகாரம் டெல்லிக்கு, உரிமத்துக்குக் கையெழுத்திடும் வேலை பெரும்பாலும் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் ஆணையருக்கோ. சட்டம் ஓரிடத்திலும் கையெழுத்து வேறிடத்திலும் இருக்கின்றன. நீங்கள் தேடும் அரசியல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒன்பது வருடம் கனெக்டிகட், இப்போது வைட்ஃபீல்டு

அமெரிக்காவிலும் கட்சிக் கோடு எப்போதும் இவ்வளவு தடிப்பாக இருந்ததில்லை. 1993-ல் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் பிரேடி சட்டத்துக்கு இரு கட்சிகளிலிருந்தும் ஆதரவு வாக்குகளும் எதிர்ப்பு வாக்குகளும் விழுந்தன. 1994-ல் போர்முனைத் துப்பாக்கிகளின் சாயலில் வந்த ரகங்களுக்குப் பத்தாண்டுத் தடை வந்தது. அதே ஆண்டு இறுதியில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. அந்தத் தோல்விக்கு இந்தத் தடையும் ஒரு காரணம் என்று கிளின்டனே நம்பினார். அந்த அச்சம் அடுத்த இருபது ஆண்டுகள் அந்தக் கட்சியை விட்டுப் போகவில்லை. 2004-ல் தடை காலாவதியானபோது புதுப்பிக்கப்படவில்லை.

2012 டிசம்பர் 14 அன்று நான் கனெக்டிகட்டில்தான் இருந்தேன். சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது என் மகள் வேறோர் ஊரில் அதே வயதுக் குழந்தைகளோடு வகுப்பில் இருந்தாள். இனிமேலாவது சட்டம் மாறும் என்று எல்லோரும் நினைத்தோம். நான்கு மாதம் கழித்து, பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்க மான்சின் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரும் டூமி என்ற குடியரசுக் கட்சிக்காரரும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தத்துக்கு செனட்டில் 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை கிடைத்தும் தோல்வி, ஏனென்றால் 60 வாக்கு தேவைப்பட்டது. நான்கு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். சில ஜனநாயகக் கட்சியினர் எதிர்த்தார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பது மறுநாள் நாளிதழில் பெயர் பெயராக வந்தது. அந்தப் பட்டியலை நான் வெட்டி எடுத்து வெகுநாள் வைத்திருந்தேன்.

2022-ல் உவால்டேயில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் இறந்த பிறகுதான் செனட்டில் 65-க்கு 33 என்று ஒரு சிறிய சட்டம் நிறைவேறியது. பதினைந்து குடியரசுக் கட்சியினர் உடன் வந்தார்கள். செனட் வாக்களித்த அதே ஜூன் 23 அன்று, பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்க "தக்க காரணம்" காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1913-லிருந்து இருந்த நிபந்தனை அது. நாடாளுமன்றம் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்த நாளில் நீதிமன்றம் ஒரு முழம் பின்னால் இழுத்தது என்று அப்போது நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்குரைஞர், ஹெப்பால்

நண்பர் வெட்டி வைத்திருந்த அந்தப் பட்டியல்தான் இங்கே இல்லாதது. 2019-ல் நம் ஆயுதச் சட்டத்துக்குப் பெரிய திருத்தம் வந்தது. நவம்பர் 29 அன்று மக்களவையில் அறிமுகம். டிசம்பர் 9 அன்று அங்கே நிறைவேற்றம். மறுநாளே மாநிலங்களவையிலும் நிறைவேற்றம். இரண்டு அவைகளிலும் குரல் வாக்கெடுப்புதான்; அதில் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பதிவாகாது. மக்களவையில் அதே டிசம்பர் 9 அன்றுதான் குடியுரிமைத் திருத்த மசோதாவும் நள்ளிரவு தாண்டும்வரை விவாதிக்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மறுநாள் செய்தித்தாளில் ஆயுதத் திருத்தத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அந்த மசோதாவுக்குள் ஓர் அரசியல் சண்டை நடந்து முடிந்திருந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை ஒன்றாகக் குறைப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். சட்டமாக வெளிவந்தபோது அது இரண்டு. நடுவில் நடந்தது என்ன? பஞ்சாபிலிருந்தும் வடக்கே பரம்பரையாகத் துப்பாக்கி வைத்திருக்கும் நிலவுடைமைக் குடும்பங்களிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. தாத்தாவின் துப்பாக்கியை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி ஆளும் தரப்புக்குள்ளும் ஒலித்தது. அரசே இறங்கி வந்து எண்ணிக்கையை மாற்றிக்கொண்டது. இதை யாரும் வாக்கெடுப்பில் வெல்லவில்லை; அதனால் வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் பதிவாகவில்லை.

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கொறடா உத்தரவு போட்டுவிட்டால் நம் உறுப்பினர் கட்சியை மீறி வாக்களித்துப் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. மான்சினும் டூமியும் நம் மக்களவையில் இருந்திருந்தால் இருவரும் சேர்ந்து தேநீர் குடித்திருக்கலாம், மசோதா கொண்டுவந்து ஜெயித்திருக்க முடியாது. ஆகவே "நம் கட்சிகளுக்குள் ஒருமித்த கருத்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர் பதியாத வாக்கை ஒருமித்த கருத்து என்று எண்ணுவது கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்பதைப் போன்றது.

குடகு மருமகன், விராஜ்பேட்டை – பெங்களூரு

இந்த இழையில் குடகைப் பற்றி யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன். நான் சேலத்துக்காரன், மனைவி கொடவர். என் மாமனார் வீட்டில் துப்பாக்கி உண்டு, உரிமம் கிடையாது, அது குற்றமும் இல்லை. கொடவர்களுக்கும் குடகின் ஜம்மா நிலம் (பரம்பரை உரிமை நிலம்) வைத்திருப்பவர்களுக்கும் ஒன்றிய அரசு விலக்கு அளித்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் இந்த விலக்கு 2019 அக்டோபரில் மேலும் பத்து ஆண்டுகளுக்கு, அதாவது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அக்டோபரில் எங்களுக்குத் தாராளம், டிசம்பரில் நாட்டுக்குக் கட்டுப்பாடு. இரண்டையும் செய்தது ஒரே அரசு. இதில் எந்தக் கட்சியின் கொள்கையை நீங்கள் தேடிப் பிடிப்பீர்கள்?

செப்டம்பர் தொடக்கத்தில், நடவு முடிந்த பிறகு, கயில்பொளுது என்று ஆயுத பூசை செய்வார்கள். துப்பாக்கியைத் துடைத்துச் சந்தனம் வைத்துக் குழலின் முனையில் ஒரு பூவைச் செருகுவார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அவர்கள் "தோக் பூ", அதாவது துப்பாக்கிப் பூ என்று சொல்லும் அது நம் செங்காந்தள். நம் மாநில மலர் அங்கே துப்பாக்கிக்கு அலங்காரம். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வெடி. எங்கள் வீட்டில் ஒரு வெடி கேட்டபோது என் மகன் பயந்து அழுதான். மாமனார் அதையும் நல்ல சகுனம் என்றார்.

நான் சொல்ல வருவது, துப்பாக்கி நிறைய இருந்தால் கொலையும் நிறைய நடக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் ஒரு முறை குடகுக்கு வந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கரோல் பாகிலிருந்து மாற்றலாகி வந்தவன்

மருமகனாருக்கு வணக்கம். எனக்கு உடன்பாடில்லை. சம்பிரதாயம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு வடக்கிலும் இதையேதான் செய்கிறார்கள். டெல்லியில் நான் இருந்த பதினான்கு ஆண்டுகளில் சென்ற திருமணங்களில் மூன்றில் வெடிச்சத்தம் பட்டாசினுடையதா வேறொன்றா என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்றிருக்கிறேன். "ஹர்ஷ் ஃபயரிங்" என்று அதற்கு மகிழ்ச்சியான ஒரு பெயர் வேறு. 2019 திருத்தம் அதைத் தனிக் குற்றமாக்கி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மணமகனின் சித்தப்பா சுடும்போது புகார் கொடுக்க மண்டபத்தில் யார் எழுந்து போவார்?

இந்தியாவில் ஆளைக் கொல்லும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாதவை. பீகாரில் முங்கேர் பக்கம் பட்டறையில் உருவாகும் "கட்டா" என்ற நாட்டுத் துப்பாக்கி டெல்லி வரைக்கும் தாராளமாக வருகிறது. 2017-ல் நம் பெங்களூரிலேயே பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் நாட்டுக் கைத்துப்பாக்கியால்தான் கொல்லப்பட்டார். 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்துப் பிணை மனு ஒன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், அமெரிக்காவில் இருப்பதுபோல் இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை என்று நினைவுபடுத்தி, கள்ளத் துப்பாக்கிகள் பற்றித் தானாகவே விசாரணை தொடங்கியது. இப்படி நீதிமன்றம் கேட்பதை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி ஏன் கேட்கவில்லை? என்னைக் கேட்டால், கள்ளத் துப்பாக்கி எல்லாக் கட்சிக்கும் தேர்தல் காலத்தில் உதவுகிறது. கோபப்படாதீர்கள், இது என் ஊகம்தான்.

குடகு மருமகன்

கோபமில்லை. ஆனால் கள்ளத் துப்பாக்கிக்காரன் செய்வதற்கு விலக்கு பெற்றவனையும் உரிமம் பெற்றவனையும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. 2019-ல் அரசும் அதைத்தானே செய்தது? எண்ணி வைத்திருக்கும் துப்பாக்கியைக் குறைப்பது எளிது. எண்ணப்படாததைத் தேடுவது கடினம்.

செல்வி, ஸ்ரீராமபுரம்

நான் இதுபோன்ற விவாதங்களில் எழுதுவதில்லை. சாப்பர் மகனின் அப்பாவைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் பெரியப்பாவும் வங்கிக் காவலர். அவரிடமும் அதே மாதிரி ஒரு துப்பாக்கி இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் தெருக்கோடியில் கூட்டம் சேர்ந்து ஒரு தமிழர் கடையின் பலகையை இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். அத்தை பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை எடுத்துக்கொண்டு மாடியில் நில்லுங்கள், பார்த்தாலே ஓடிவிடுவார்கள்" என்று கெஞ்சினார். பெரியம்மா பேசவில்லை. உள்ளே போனவர், தோட்டாப் பெட்டியை அரிசி டிரம்முக்குள் கைமுட்டி வரை புதைத்துவிட்டு, கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பெரியப்பா தேடினார், திட்டினார், பிறகு பேசாமல் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். எதிர்வீட்டு கௌடர் இறங்கிப் போய்க் கூட்டத்தோடு பேசி, இந்தப் பக்கம் வராமல் திருப்பி அனுப்பினார்.

பெரியப்பா மாடியில் நின்றிருந்தால் கூட்டம் ஓடியிருக்கலாம். கௌடர் இறங்கி வந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் இன்றும் இதில் இரண்டு கட்சி உண்டு. அத்தை ஒரு கட்சி, பெரியம்மா ஒரு கட்சி.

ஒன்பது வருடம் கனெக்டிகட்

செல்வி அவர்களுடைய பதிவுக்கு என்னிடம் பதில் இல்லை. டெக்சஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அத்தையின் பக்கம் நின்றிருப்பார்கள்.

கட்சி என்ற பேச்சுக்குத் திரும்பினால், நாடாளுமன்ற முறை உள்ள மற்ற நாடுகளை விட்டுவிட முடியாது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபோது கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த பிரதமர் ஜான் ஹோவர்டு ஒரு பழமைவாதி. துப்பாக்கிக்காரர்களின் வாக்கு அவருடைய கூட்டணிக்குத்தான் அதிகம். சொந்த வாக்காளர்களைப் பகைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அவர் அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் பள்ளிக் குழந்தைகள் சுடப்பட்ட பிறகு, பிரிட்டனில் பழமைவாதக் கட்சி பெரிய ரகக் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. 1997-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி மிச்சமிருந்த .22 என்ற சிறிய ரகத்தையும் தடை செய்தது. நியூசிலாந்தில் 2019-ல் கிறைஸ்ட்சர்ச் தாக்குதலுக்குப் பின் வந்த கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு வாக்கு 119-க்கு 1. எதிர்த்த அந்த ஒருவரின் பெயர்கூட எல்லோருக்கும் தெரியும். நம்மைப் போலவே கொறடா உள்ள அவைகள்தான் இவை. ஆகவே கொறடாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று வழக்குரைஞர் ஐயாவிடம் பணிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வழக்குரைஞர், ஹெப்பால்

ஒப்புக்கொள்கிறேன். பெயர் பதிவாகும்படி வாக்கெடுப்புக் கேட்கும் உரிமை நம் உறுப்பினர்களுக்கும் உண்டு, கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதற்கு என் வாதம் இது. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை அரசியலமைப்பில் இருப்பதால் சண்டை சட்டம் எழுதும் இடத்தில் நடக்கிறது. இங்கே அது அதிகாரியின் முடிவில் இருப்பதால் சண்டை மேசைக்கு முன்னால் நடக்கிறது. 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கி, அதாவது சாப்பர் மகன் வீட்டில் இருப்பதைப் போன்றது, கேட்கும் குடிமகனுக்குத் தடையேதும் இல்லாவிட்டால் உரிமம் தர வேண்டும். கைத்துப்பாக்கி போன்ற மற்றவற்றுக்கு "தக்க காரணம்" இருப்பதாக அதிகாரி நிறைவடைய வேண்டும். நியூயார்க்கில் 2022-ல் விழுந்துபோனதைப் போன்ற நிபந்தனை இங்கே அசையாமல் நிற்கிறது. அது நிற்க வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று நம்பவைக்கக்கூடியவர் யார்? கட்சிப் பொறுப்பில் இருப்பவர், ஒப்பந்தக்காரர், நிலத் தரகர். என் முப்பது ஆண்டுத் தொழிலில், உரிமம் மறுக்கப்பட்டு மேல்முறையீட்டுக்கு வந்த சிறு வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு கட்சிப் பிரமுகரையும் நான் பார்த்ததில்லை. பரிந்துரைக் கடிதத்தில் கிடைக்கும் ஒன்றுக்காக அவையில் எவர் எழுந்து பேசுவார்?

கரோல் பாகிலிருந்து மாற்றலாகி வந்தவன்

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறு துணைக்கதை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது என் தாத்தா சைதாப்பேட்டையில் இருந்தார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டியையும், மருத்துவமனையிலிருந்தபடியே அவர் பரங்கிமலையில் ஜெயித்ததையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் துப்பாக்கி எப்படி வந்தது, யார் உரிமம் கொடுத்தார் என்று தாத்தா ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் இன்றுதான் யோசிக்கிறேன்.

சாப்பர் மகன், அல்சூர்

எல்லோருக்கும் நன்றி. செல்வி அவர்களுடைய பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அரிசிக்குள் வைத்தால் ஈரம் ஏறாது, விவரமான அம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஜூனில் முடிவுகள் வந்த பிறகு துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டோம். அட்டை கட்டிய நூலை அப்பா இன்னும் அறுக்கவில்லை. வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்கு எழுபத்தொன்று ஆகிறது. உரிமத்தை என் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். உயிரோடு இருக்கும்போதே அப்படி மாற்ற முடியுமா?

வழக்குரைஞர், ஹெப்பால்

முடியும். 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் பெற்றவருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். உங்களைப் பற்றிக் காவல்துறை விசாரிக்கும்; பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். உரிமம் கிடைத்தால் இப்போது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; முன்பு மூன்றாக இருந்தது.

சாப்பர் மகன், அல்சூர்

விண்ணப்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதியாகிவிட்டது. உரிமம் எதற்காகத் தேவை என்று கேட்கும் இடத்தில் "வங்கிக் காவல் என்று எழுது, எனக்கு அப்படி எழுதித்தான் தந்தார்கள்" என்கிறார் அப்பா. நான் மென்பொருள் சோதனை செய்பவன். அந்த ஒரு கட்டம் மட்டும் இரண்டு வாரமாகக் காலியாக இருக்கிறது.